எடை எங்கே உட்கார வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

படகின் பின்னால் எழும் அலையில் ஏறி, பிடித்துவந்த கயிற்றை விட்டுவிட்டு, அலையின் தள்ளுவிசையில் மட்டுமே பலகையில் நின்று செல்லும் வேக்சர்ஃபிங் விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அலையைப் பெரிதாக்கப் படகில் ஏற்றும் பாலாஸ்ட் என்று சொல்லப்படும் அடிப்பாரத்தைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 22 அடி நீளமுள்ள, எஞ்சின் உள்ளேயே பொருத்திய இன்போர்டு படகு இருக்கிறது. பின்பக்கத் தொட்டிகள் இரண்டில் தலா 175 கிலோவும் நடுத்தொட்டியில் 150 கிலோவுமாக 500 கிலோ தண்ணீர் பிடிக்கும். அலை போதவில்லை என்று பின்மூலைகளில் தலா 200 கிலோ பிடிக்கும் இரண்டு பைகளை வைத்தேன். அலை உயர்ந்தது உண்மை. ஆனால் நீளம் குறைந்து, படகை ஒட்டியே நுரையாகச் சிதறுகிறது. கயிற்றை விட்ட நான்கைந்து விநாடிகளில் பின்தங்கிவிடுகிறேன். இன்னும் எவ்வளவு எடை ஏற்ற வேண்டும்?

பதில்: இன்னும் எடை வேண்டாம். இருக்கிற எடையில் ஒரு பகுதியை முன்னே கொண்டுபோங்கள்.

ஓடுகிற படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிக்கொண்டே செல்கிறது. படகு கடந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பக்கங்களிலிருந்தும் அடியிலிருந்தும் தண்ணீர் பாய்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறது. பாய்ந்த வேகத்தில் மட்டத்தைத் தாண்டி மேலே எழும்புகிறது. நாம் ஏறி நிற்கும் அலை அதுதான். படகு கனமாக இருந்தால் பள்ளம் ஆழமாகும், அலை பெரிதாகும் என்பது வரையில் எல்லோரும் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பள்ளத்தின் ஆழத்தைப் போலவே அதன் வடிவமும் அலையைத் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் அளவுள்ள படகு தண்ணீரைத் தொடும் பரப்பு, தோராயமாக 11 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும் என்பதால், படகு முழுவதும் சீராக ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்கு 110 கிலோ தேவைப்படுகிறது. நீங்கள் ஏற்றிய 400 கிலோ சமமாகப் பரவியிருந்தால் நாலு விரற்கடைக்கும் குறைவாகவே படகு தாழ்ந்திருக்கும். நீங்களோ அத்தனையையும் பின்மூலைகளில் வைத்துவிட்டீர்கள். எனவே பின்பக்கம் அதைவிடப் பல மடங்கு தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. இந்த நிலையில் படகின் நீளத்தில் பின்பகுதி மட்டுமே தண்ணீரை உழுது செல்வதால், பள்ளம் ஆழமாகவும் குறுகலாகவும் விழுந்து, அலை செங்குத்தாக எழுந்து, தன் உயரத்தைத் தாங்க முடியாமல் உடைந்து கொட்டுகிறது.

உங்கள் கணக்கில் மொத்தம் 900 கிலோவில் 750 கிலோ பின்பக்கம் இருக்கிறது. ஒரு பையை, அதாவது 200 கிலோவை, அணியத்துக்கு மாற்றுங்கள். (படகின் முன்பகுதிக்கு மீனவர்கள் வைத்திருக்கும் அழகான சொல் அணியம், இனி அதையே பயன்படுத்துகிறேன்.) அப்போது பின்னே 550, நடுவில் 150, முன்னே 200 என்று ஆகி, பின்பக்கத்தின் பங்கு ஆறில் ஐந்திலிருந்து பத்தில் ஆறாகக் குறைகிறது. பத்தில் ஆறிலிருந்து ஏழு வரை பின்னே, மீதி நடுவிலும் முன்னிலும் என்பது பெரும்பாலான படகுகளுக்குத் தொடங்குவதற்கு ஏற்ற பங்கீடு. அலையின் உயரம் சற்றுக் குறைவது போலத் தோன்றும். அதைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம். சரிவு நீண்டு, தள்ளுவிசை உள்ள பகுதி பின்னோக்கி விரியும் என்பதால், நீங்கள் கயிற்றை விட்ட பிறகும் அலை உங்களை விடாது. கரையில் நின்று பார்ப்பவருக்கு உயரமான அலை பிடிக்கும். பலகையில் நிற்பவருக்கு நீளமான அலைதான் பிடிக்கும்.

அடுத்து வேகம். வேக்சர்ஃபிங்கின் வழக்கமான வேகம் மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வரை. இதில் ஒரு கிலோமீட்டர் என்பது சிறிய மாற்றமன்று. ஆழமான தண்ணீரில் படகோடு சேர்ந்து பின்னால் வரும் அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தொலைவு, வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 12.6 மீட்டராக இருக்கும் அந்தத் தொலைவு, 19 கி.மீ. வேகத்தில் 18 மீட்டரை நெருங்குகிறது. நாம் ஏறும் அலை படகுக்குச் சாய்வாக விரிவதால் இந்த எண்கள் அதற்கு அப்படியே பொருந்தமாட்டா. ஆனால் மெதுவாகப் போனால் அலை குறுகிச் செங்குத்தாகும், வேகம் கூட்டினால் நீண்டு தட்டையாகிச் சுத்தமாகும் என்ற போக்கு பொருந்தும். நுரை அதிகம் என்றால் எடையைத் தொடுவதற்கு முன் வேகத்தை அரை கிலோமீட்டர் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் நோய் அத்தோடு தீர்ந்துவிடும்.

சோதனை செய்யும் நாளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்னுடைய பழைய குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில், "17.5 வேகம், இடப்பின் 300, வலப்பின் 250, அணியம் 150, ஆட்கள் நால்வர், வலப்பக்கம் மூவர், ஆழம் 8 மீட்டர், அலை இடுப்பளவு, மேல்விளிம்பில் நுரை" என்று இருக்கிறது; அதன் கீழே, "அணியம் 200, மற்றவை அப்படியே, நுரை போய்விட்டது" என்று ஒரே வரி. எடையையும் வேகத்தையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் ஒரே சுற்றில் மாற்றியிருந்தால், எதனால் நுரை போனது என்று எனக்கு இன்று வரை தெரிந்திருக்காது. ஆழத்தையும் மறவாமல் எழுதிவையுங்கள். இந்த வேகத்தில் எழும் அலை, தண்ணீரின் ஆழம் தன் நீளத்தில் பாதிக்குக் கீழே போகும்போது தரையை உணரத் தொடங்கிவிடும். 3 மீட்டர் ஆழத்தில் சோதித்துவிட்டுப் படகைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 6 மீட்டருக்குக் குறையாத இடத்தில் சோதியுங்கள். 8 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, தண்ணீரில் மிதக்கும் படகில் தண்ணீரையே ஏற்றினால் அது எப்படித் தாழும்? ஈயம்தானே உண்மையான எடை?

பதில்: கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இந்த ஐயம் வருவது இயல்பே. நிரம்பிய வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை கயிறு கனக்காது. மட்டத்தைத் தாண்டியவுடன் கையை இழுக்கும். ஆனால் அந்த வாளியைச் சுற்றிலும் தண்ணீர் இருந்து தாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். படகில் வைத்த பையைச் சுற்றிலும் இருப்பது காற்று. பை படகின் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. காலி வாளி ஒன்றை ஒரு தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை அதற்குள் ஊற்றிப் பாருங்கள். வாளி அந்தச் செம்புத் தண்ணீரின் எடைக்கு ஏற்பத் தாழும். அதே எடையுள்ள ஈயக்குண்டைப் போட்டாலும் அதே அளவுதான் தாழும். 300 கிலோ தண்ணீரும் 300 கிலோ ஈயமும் படகுக்கு ஒன்றுதான். அவை அடைத்துக்கொள்ளும் இடத்தில்தான் வேறுபாடு; அதற்கு அடுத்து வரும் கேள்விகளுள் ஒன்றில் வருகிறேன். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆனால் அதே அளவு கூடுதலாகப் படகைத் தாங்கவும் செய்வதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கேள்வி: படகை ஒரு பக்கமாகச் சாய்த்து எடை ஏற்ற வேண்டும் என்கிறார் நண்பர். புதிய படகு வைத்திருக்கும் இன்னொருவர், அது பழைய முறை, இரு பக்கமும் சமமாக ஏற்று என்கிறார். என் கணவர் இடக்காலை முன்வைத்து நிற்பவர். நான் வலக்காலை முன்வைத்து நிற்பவள். எங்களுக்கு எது பொருந்தும்?

பதில்: இருவர் சொல்வதும் சரி. உங்கள் படகில் அலைத்தகடு (அலையைச் சீராக்கப் பின்பக்கத்தில் வெளியே நீளும் தகடு) இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது விடை.

தகடு இல்லாத படகில், பின்னே இரு பக்கங்களிலிருந்தும் பாயும் தண்ணீர் நடுவில் ஒரே நேரத்தில் மோதுவதால் இரண்டு பக்க அலைகளும் பாதி வெந்த சோறு போல அரைகுறையாக இருக்கும். ஒரு பக்கத்தைத் தாழ்த்தினால் அந்தப் பக்கத்துப் பள்ளம் ஆழமாகி, அலை தெளிவாக உருவாகும். மறுபக்கம் வெறும் நுரையாகிப் பயனற்றுப்போகும். இதற்காகச் சர்ஃப் செய்யும் பக்கத்துப் பின்மூலையை முழுதும் நிரப்பி, அதே பக்கத்தில் நடுவிலும் கொஞ்சம் வைத்து, மறுபக்கத்துப் பின்மூலையைக் காலியாக விடுவார்கள். சாய்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இருக்கையில் வைத்த தண்ணீர்ப் புட்டி உருண்டு விழும் அளவுக்குப் போகக்கூடாது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் அலை மேலும் வளர்வதில்லை. படகைத் திருப்புவதுதான் கடினமாகிறது, பக்கவிளிம்பும் தண்ணீருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது.

அலைத்தகடு உள்ள படகில் கதை வேறு. மாலிபு நிறுவனம் 2013 மாடல் படகுகளில் கொண்டுவந்த சர்ஃப் கேட், அதையொட்டி மற்ற நிறுவனங்கள் கொண்டுவந்த தகடுகள் எல்லாம் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்கள். சர்ஃப் செய்யாத பக்கத்தில் ஒரு தகடு வெளியே நீள்கிறது; அந்தப் பக்கத்துத் தண்ணீர் நடுவுக்கு வந்து சேர்வதை அது சற்றுத் தாமதப்படுத்துகிறது; எதிர்ப்பக்கத்து அலை அந்த இடைவெளியில் குலையாமல் நீண்டு வளர்கிறது. இடப்பக்க அலை வேண்டுமானால் வலப்பக்கத் தகடு நீள வேண்டும் என்பது முதன்முறை கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். இத்தகைய படகில் எடையை இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக ஏற்றலாம். சாய்வு தேவைப்பட்டாலும் மிகச் சிறிதே போதும்.

இடக்காலை முன்வைப்பவர்கள் பொதுவாக இடப்பக்க அலையையும், வலக்காலை முன்வைப்பவர்கள் வலப்பக்க அலையையும் விரும்புவார்கள். ஆகவே உங்கள் வீட்டில் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பக்கமும் மாற வேண்டும். தகடு இருந்தால் ஒரு பொத்தானில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் 200 கிலோ தண்ணீரை ஒரு மூலையிலிருந்து வெளியேற்றி மறுமூலையில் நிரப்ப ஐந்து பத்து நிமிடங்கள் ஆகும். ஆதலால் ஆளுக்கு ஒரு சுற்று என்று மாறி மாறிப் போகாமல், ஒருவர் தம் சுற்றுகளை எல்லாம் முடித்த பின் மற்றவர் இறங்குவது நல்லது. யார் முதலில் என்பதில் நான் தலையிடவில்லை. இன்னொன்று, புரொபெல்லர் ஒரே திசையில் சுழல்வதாலும் ஓட்டுநர் ஒரு பக்கத்தில் உட்கார்வதாலும் இரு பக்க அலைகளும் எந்தப் படகிலும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்கு நன்றாக அமைந்த எடைக்கணக்கை மறுபக்கத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டால் சிறிய திருத்தம் தேவைப்படும்.

கேள்வி: தண்ணீர்ப் பை, ஈயப் பை, மணல் மூட்டை இவற்றுள் எது சிறந்தது?

பதில்: மணலை முதலில் கழித்துவிடலாம். மூட்டையிலிருந்து கசியும் மணல் படகின் அடிக்குழிக்குப் போய், அங்கே கசிவுநீரை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். அந்தப் பம்ப் வேலை செய்யாத படகில் நான் ஏறமாட்டேன். கருங்கல், கான்கிரீட் கட்டி போன்றவையும் வேண்டா. திடீரென்று திரும்பும்போது அவை சறுக்கிப் போய் இடிக்கும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கால்தான்.

தண்ணீர்ப் பையின் பெரிய வசதி, வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கிவிடலாம் என்பது. ஆனால் 300 கிலோவுக்கு 300 லிட்டர் இடம் வேண்டும். பையை எப்போதும் காற்றில்லாமல் முழுதாக நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிரம்பிய பையில் தண்ணீர், படகு சாயும் பக்கமே ஓடி அந்தச் சாய்வை மேலும் கூட்டும். பாதி எடை போதும் என்றால் பெரிய பையைப் பாதி நிரப்புவதைவிட அளவில் பாதியான பையை வாங்குவதே முறை.

ஈயம் தண்ணீரைவிட 11 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. 25 கிலோ ஈயப் பை ஒன்று அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டே கால் லிட்டர்கூட இல்லை. இருக்கையின் அடியில், அணியத்தின் ஒடுங்கிய மூலையில், தண்ணீர்ப் பை நுழையாத சந்துகளில் எல்லாம் அது போய் உட்காரும். எப்போதும் கொஞ்சம் எடை தேவைப்படும் மூலைக்கு, குறிப்பாக அணியத்துக்கு, நான் பரிந்துரைப்பது ஈயத்தைத்தான். ஆனால் அது படகிலேயே தங்கிவிடும் எடை. படகை டிரெய்லரில் ஏற்றும்போதும் அது கூடவே வரும் என்பதால், டிரெய்லரின் தாங்கும் அளவையும் இழுக்கும் வண்டியின் அளவையும் பார்த்துவிட்டே வாங்குங்கள். தண்ணீரையோ ஒரு சொட்டு விடாமல் இறக்கிய பிறகுதான் படகு டிரெய்லரில் ஏற வேண்டும். வெறும் ஈயக்கட்டியாக வாங்காமல் உறையிட்டுத் தைத்ததை வாங்கி, நகராதபடி கட்டிவையுங்கள்.

கேள்வி: புதிதாகப் பொருத்திய பம்ப் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, பையில் மட்டும் தண்ணீர் ஏறுவதில்லை. சில நாட்களில் ஏறுகிறது, சில நாட்களில் ஏறுவதில்லை. பம்பை மாற்ற வேண்டுமா?

பதில்: சில நாட்களில் ஏறுகிறது என்பதால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. காற்று அடைத்திருக்கிறது.

ஏரேட்டர் வகைப் பம்ப், தான் தண்ணீரில் மூழ்கியிருந்தால் மட்டுமே தள்ளும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் திறமை அதற்குக் கிடையாது. படகு கனமற்று உயரமாக மிதக்கும்போதோ, வேகமாக ஓடி நின்ற பிறகோ, தண்ணீர் உள்ளே வரும் அடித்துளைக்கும் பம்புக்கும் இடையில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால், மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பம்பை ஓடவிட்டுக்கொண்டே படகை மிக மெதுவாகப் பின்னோக்கி ஓரிரு மீட்டர் நகர்த்திவிட்டு, முன்னோக்கிச் செலுத்துங்கள். பெரும்பாலும் ஒரு கொப்பளிப்போடு குமிழ் விலகி, குழாய் கனப்பதைக் கையால் தொட்டே உணரலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இயன்ற அளவு தாழ்வாகப் பொருத்தி, அதற்கு வரும் குழாய் வழியில் எங்கும் மேலேறி இறங்காமல் சீராக இருக்குமாறு பாருங்கள்.

பையின் காற்றுவழியையும் பாருங்கள். காற்று வெளியேறும் வாய் பையின் உச்சியில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால், நிரம்பும் தண்ணீர் அந்த வாயை முதலில் அடைத்துவிட்டு மீதிக் காற்றை உள்ளேயே சிறைப்பிடித்துவிடும். பை உப்பியிருக்கும், எடை இருக்காது. விரலால் தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும் இடத்தில் காற்று இருக்கிறது. அந்த மூலையை அழுத்திக் காற்றை வாய்ப்பக்கம் தள்ளுங்கள்.

உங்களுடையது ரப்பர் இறக்கை வைத்த, இரு திசையிலும் ஓடும் வகையாக இருந்தால், எச்சரிக்கை வேறு. அந்த இறக்கைகளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். பை காலியான பிறகும் அணைக்க மறந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ரப்பர் கருகிக் கிழியும். மணிக்கு 4,500 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் பம்ப், குழாயின் வளைவுகளையும் ஏற்றத்தையும் தாண்டி நிமிடத்துக்கு 50 லிட்டர் தந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, 350 லிட்டர் பைக்கு ஏழு நிமிடம் என்று கணக்கிட்டுக் கடிகாரம் வைத்து இயக்குங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பின்விளிம்புக்கு வெளியே அவுட்போர்டு மோட்டார் பொருத்திய படகு. அதில் எடை ஏற்றி வேக்சர்ஃபிங் செய்யலாமா?

பதில்: கூடாது. சர்ஃப் செய்பவர் படகுக்கு மூன்று நான்கு மீட்டர் பின்னாலேயே நிற்கிறார்; முன்னோக்கி விழுந்தால் நேரே புரொபெல்லரின் மேல்தான் விழுவார். இன்போர்டு படகில் அது படகின் அடியில், பின்விளிம்புக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. எஞ்சின் உள்ளேயும் புரொபெல்லர் பின்னே வெளியேயும் உள்ள வழக்கமான ஸ்டெர்ன்டிரைவ் படகுக்கும் இதே விடைதான். 2015-இல் வால்வோ பென்ட்டா கொண்டுவந்தது போன்ற, முன்னோக்கிய புரொபெல்லர் உள்ள வகை மட்டும் இதற்கென்றே வடிவமைத்த விதிவிலக்கு.

இன்போர்டு வைத்திருப்பவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெதுவாக ஓடும், பின்பக்கம் தாழ்ந்த படகின் பின்னால் அது தேங்கி நிற்கும். எனவே படகின் பின்மேடையில் யாரையும் உட்காரவைத்து ஓட்டாதீர்கள்; சர்ஃப் செய்பவருக்குத் தலைவலியோ குமட்டலோ வந்தால் களைப்பு என்று எண்ணாமல் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: படகின் தாங்கும் அளவைக் குறிக்கும் தகட்டில் 10 பேர், 900 கிலோ என்று எழுதியிருக்கிறது. நாங்கள் ஏழு பேர். மூன்று பேருக்கான எடையைப் பையில் ஏற்றிக்கொள்ளலாம்தானே?

பதில்: ஏழு பேரையும் நேர்மையாக நிறுத்துப் பார்த்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு 80 கிலோ என்றால் 560. பலகைகள், குளிர்பெட்டி, நங்கூரம் எல்லாம் 60. மீதி இருப்பது 280 கிலோ. நீங்களாகச் சேர்க்கும் பையும் ஈயமும் இந்த 280-க்குள் அடங்க வேண்டும். படகோடு வந்த தொட்டிகளின் தண்ணீரை அந்த 900-இல் சேர்ப்பதா, அதற்கு வெளியே வைப்பதா என்பது உற்பத்தியாளர் எழுதிய கையேட்டைப் பொறுத்தது. அதைப் படிக்காமல் எனக்கு எழுதிக் கேட்பதில் பயனில்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதையும் இங்கே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அணியத்துக்கு எடை கொண்டுபோங்கள் என்று முதல் பதிலில் சொன்ன நானே, அதில் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். அணியத்தில் 300 கிலோ பை. அதன் மேல் வெயில் காய மூன்று பேர். அலை கண்ணாடி போல வந்தது. சர்ஃப் செய்தவர் விழுந்ததும் விசையைச் சட்டென்று குறைத்துத் திரும்பினேன். முன்பக்கம் குனிந்தது, அந்த நேரத்தில் எங்கள் படகே எழுப்பிய அலை எதிரே வந்து, விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒரே அலையில் கணுக்கால் அளவு தண்ணீர். காலணிகள் மிதந்து பின்பக்கம் போயின. எல்லாரையும் பின்னே ஓடச்சொல்லி, அணியத்துப் பையை இறக்கி, அடிக்குழிப் பம்ப் அரை மணி நேரம் ஓடியது. அன்றிலிருந்து, அணியத்தில் பை இருக்கும்போது அங்கே ஆட்கள் இல்லை என்பதும், விசையைப் படிப்படியாகக் குறைத்து, சொந்த அலை கடந்து போன பிறகே திரும்புவது என்பதும் என் படகில் சட்டம்.

கேள்வி: எடை ஏற்றிய பிறகு எஞ்சின் திணறுகிறது. பழுதா?

பதில்: பழுதன்று. இரண்டு டன் படகில் ஒரு டன் கூடுதலாக ஏற்றியிருக்கிறீர்கள். இறக்கையின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தொலைவு) குறைந்த புரொபெல்லரைப் பொருத்துங்கள். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 கூடும் என்பது பட்டறைக் கணக்கு. உச்ச வேகம் குறையும். சர்ஃப் செய்ய அது தேவையுமில்லை.

கேள்வி: ஏரிக்கரையில் வசிப்பவன் நான். இந்தப் படகுகள் வந்ததிலிருந்து என் மண்கரை சரிகிறது. கட்டிவைத்த சிறு படகு தூணில் மோதி உடைகிறது. அலையை எப்படிப் பெரிதாக்குவது என்று எழுதும் நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எடை ஏற்றிய படகின் அலை அதிக ஆற்றலைச் சுமந்து வருகிறது. அது வழியில் விரிந்து தணிவதற்குத் தொலைவு வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட கள ஆய்வு, சர்ஃப் நிலையில் ஓடும் படகுகள் கரையிலிருந்து 500 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 150 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. படகுத் தொழில்துறையினர் நெடுநாளாகச் சொல்லிவருவது 200 அடிதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024-இல் கொண்டுவந்த விதி, கரையிலிருந்து 500 அடியும் ஆழம் 20 அடியும் உள்ள நீர்ப்பரப்பு குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியாக இருந்தால்தான் இந்த விளையாட்டை அனுமதிக்கிறது. என் கருத்தில் 500 அடி என்பது சட்டம் இல்லாத இடத்திலும் கடைப்பிடிக்க வேண்டிய அளவு. ஆழமான நடுப்பகுதியில்தான் அலையும் நன்றாக அமைகிறது என்பதால் சர்ஃப் செய்பவருக்கு இதில் இழப்பொன்றும் இல்லை; ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாமல் இடம் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரே கரை அடிவாங்குவதும் குறையும்.

ஏரியைக் கெடுப்பது அலை மட்டுமில்லை. தொட்டியின் அடியில் தங்கும் கடைசிச் சில லிட்டர் தண்ணீரில் புதிய நீர்நிலைகளை ஆக்கிரமித்துப் பரவும் ஜீப்ரா சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பயணம் செய்கின்றன. படகை வெளியே எடுத்ததும் தொட்டிகளையும் பைகளையும் அங்கேயே இறக்கி, வேறு நீர்நிலைக்குப் போகும் முன் முழுதும் உலரவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைந்து அலை அருமையாக வருகிறது, திடீரென்று ஒரு சுற்றில் மட்டும் கெட்டுவிடுகிறது. அடுத்த சுற்றில் தானாகவே சரியாகிறது. தொட்டிகளில் கசிவு இல்லை, வேகமும் மாறவில்லை. காரணம் பிடிபடவில்லை.

பதில்: கடிதத்தின் பின்குறிப்பில், உங்கள் மகள் படம் எடுப்பதற்காக அடிக்கடி எழுந்து மறுபக்கம் போவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவர் படகின் ஒரு விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மறுவிளிம்புக்குப் போவது, ஒரு பக்கத்தில் 50 கிலோவைக் குறைத்து மறுபக்கத்தில் 50 கிலோவைக் கூட்டுவதாகும். பம்ப் போட்டு அதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும், அவள் இரண்டு விநாடியில் செய்துவிடுகிறாள். அலை நன்றாக இருந்த சுற்றில் அவள் எந்தப் பக்கம் இருந்தாள் என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்தே படம் எடுக்கச் சொல்லுங்கள்.